குமாரி நில் சிதம்பரநாதன்

விண்ணப்பப் பாரங்களில் உள்ள கட்டங்கள் நிரப்பப்படுவதற்காகவே படைக்கப்பட்டவை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருந்த அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இவ்வுண்மையை ஐயந்திரிபற உணர்ந்தவர் பெரிய கிராணி சந்திரசேகரனார் ஒருவரே. கிராணி என்றால் எழுத்தர் என்று பொதுவாகப் பொருள் கொள்வர். அப்பள்ளியிலோ, தலைமையாசிரியை எங்கே கையெழுத்திட வேண்டும் என்று விரலால் காட்டுபவர் என்று பொருள். தலைமையாசிரியை சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி. விரல் காட்டிய இடத்திலெல்லாம் அவர் கையெழுத்திட்டார். பள்ளி செம்மையாக நடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, படிப்பை முடித்து வெளியேறும் சீனியர் வகுப்பில் மாணவியர் எழுவர் இருந்தனர். அவர்களுள் முதல்வி குணவதி. ஜெலுத்தோங்கில் ரிக்‌ஷாச் சக்கரம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த சிதம்பரநாதனின் மகள். பத்து வயதிலிருந்தே அவளுக்கு ஒரே ஆசை: கரும்பலகைக்கு முன்னால், சாக்குக்கட்டியும் கையுமாக நிற்க வேண்டும். சுங்கை பாக்காப்பில் ரப்பர்த் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்படவிருந்தது. ஆசிரியை வேலை ஒன்றே ஒன்று. சீனியர் தேர்வில் தேறியவருக்கே அது உரியது. அது தவறினால், ஜாதகக் கட்டுடன் வாசலில் காத்திருக்கும் அத்தை உள்ளே வந்துவிடுவாள். ஜாதகத்திலும் கட்டங்கள் உண்டு. அவை முன்னமே நிரப்பப்பட்டவை.

தேர்வுக்குரிய பாரம் சீமையிலிருந்து வந்தது. அதில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். முதலாவது, 'கிறிஸ்தவப் பெயர்'. ஆங்கிலேயர் தம் பிள்ளைக்கு இட்ட பெயரை அவ்வாறே வழங்குவர். இரண்டாவது, 'குடும்பப் பெயர்'. குணவதி பேனாவை மைக்கூட்டில் தோய்த்தபடி நெடுநேரம் யோசித்தாள். பக்கத்தில் அப்துல் ரஹீமின் மகள் ரோஹானாவும் யோசித்தாள். இறுதியில் இருவரும் கிராணியின் மேசைக்குச் சென்றனர்.

"கிராணி ஐயா, எனக்குக் கிறிஸ்தவப் பேரு இல்லையே," என்றாள் குணவதி.

"எனக்கு மட்டும் இருக்கா லா?" என்றாள் ரோஹானா. "எங்கப்பா கேட்டாருன்னா காலை ஒடிச்சிடுவாரு."

சந்திரசேகரனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இல்லாததை இல்லைன்னு எழுதணும். ஆங்கிலத்துல அதுக்கு 'நில்'னு பேரு. கட்டத்தை வெறுமையா விட்டா பாரம் திரும்பி வந்துடும். குடும்பப் பேருக்கு அப்பா பேரை எழுது."

"அப்போ என் பேரை எங்கே எழுதறது ஐயா?"

"அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்லை ஐயா."

"கேட்காததை எழுதறது ஒழுங்கீனம்."

எனவே ஆறு மாணவியர் 'நில்' என்று எழுதினர். ஏழாமவள் பிலோமினா மட்டும், தேவாலயத்தில் இட்ட பெயர் ஆதலால், 'பிலோமினா' என்றே எழுதினாள். அவள் கையெழுத்து அழகானது. பின்னக்கணக்கு மட்டும் அவளுக்கு எந்நாளும் வசப்பட்டதில்லை.

தேர்வுக்கு முன் குழுப்படம் எடுப்பது அந்நாளைய நாகரிகம். படித்த பெண் என்பதற்கு அடையாளம் மூக்குக்கண்ணாடி. கண் நன்றாக இருந்தால் அது அவள் துரதிருஷ்டம். ஆகையால் புகைப்படக்காரர் ஏழு மூக்குக்கண்ணாடிகளை ஆயத்தமாக வைத்திருந்தார். ஒளி பட்டுப் பளபளக்கும் என்பதால் அவற்றில் கண்ணாடியே இல்லை. கம்பி மட்டும் இருந்தது. வேலுவின் மகள் லெட்சுமி அந்தக் கம்பிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோஹானா சிரித்ததில் முதல் படம் கெட்டது.

படத்தின் அடியில் பெயர்களை அச்சிடுமாறு கிராணி பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் அனுப்பினார். படம் சட்டமிட்டு வந்தது. கீழே இவ்வாறு பொறிக்கப்பட்டிருந்தது: "நிற்போர்: நில், நில், நில், நில். அமர்ந்திருப்போர்: நில், பிலோமினா, நில்."

சிதம்பரநாதன் அதைப் பட்டறைச் சுவரில் மாட்டினார். ஒரு ரிக்‌ஷாக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளையும் ஏன் நில் நில் என்று அதட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார். சிதம்பரநாதன், பெரிய படிப்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவைத்தார்.

விடைத்தாள்கள் கப்பலேறிச் சீமைக்குச் சென்றன. பங்குனியில் முடிவுகள் வந்தன. அறுவர் தேறினர், பிலோமினா தவறினாள். குணவதிக்கு ஐந்து பாடங்களில் சிறப்புத் தகுதி. சான்றிதழில் தங்க முத்திரையும், சிங்கமும், அதன் கீழே 'நில் சிதம்பரநாதன்' என்ற பெயரும் இருந்தன.

சான்றிதழ் வழங்கும் விழாவில் தலைமையாசிரியை மேடையேறி, "நில்" என்று கம்பீரமாக அழைத்தார். சபையில் அமர்ந்திருந்த தமிழர் அனைவரும் எழுந்து நின்றனர். அரசாங்க மேடையிலிருந்து நில் என்று சொன்னால் நிற்பதே அவர்களுக்குப் பழக்கம். தலைமையாசிரியை மனம் உருகினார். கல்விக்கு இத்துணை மரியாதை காட்டும் மக்களைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று பின்னர்ப் பேசினார். ஆறு முறை அழைத்தார். சபை ஆறு முறை எழுந்து அமர்ந்தது. முழங்கால் வலியுள்ள முதியோர் இருவர் கடைசி இரண்டு முறை உட்காரவேயில்லை.

இதுவரை நிகழ்ந்தது சிரிப்புக்குரியதாகவே குணவதிக்குத் தோன்றியது. மறுவாரம் பள்ளியின் ஆண்டறிக்கை கல்வி மேலிலாகாவுக்குச் சென்றது. மையைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற சுற்றறிக்கை நடைமுறையில் இருந்தமையால், சந்திரசேகரனார் குடும்பப் பெயர்களை நீக்கிச் சுருக்கமாக எழுதினார். "தேர்ச்சி பெற்றோர்: நில், நில், நில், நில், நில், நில். தேர்ச்சி பெறாதோர்: பிலோமினா."

இலாகாவில் கணக்கில் வல்லவர்கள் இருந்தனர். ஆறு இன்மைகளைக் கூட்டினால் இன்மையே வரும் என்று அவர்கள் கண்டுபிடித்தனர். அப்பள்ளியில் ஒருவரும் தேறவில்லை என்று கோப்பில் பதிவாயிற்று.

செய்தி கேட்ட அன்றே குணவதி சான்றிதழை எடுத்துக்கொண்டு, தந்தையுடன் இலாகாக் கந்தோருக்குச் சென்றாள். அங்கிருந்த அதிகாரி தமிழர். மின்விசிறியின் கீழே அமர்ந்திருந்தும் சூரியத்தொப்பியைக் கழற்றாதவர். தொப்பி போனால் பதவியும் கூடவே போய்விடும் என்று அஞ்சுபவர்போல் அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"குணவதின்னு யாரும் பரீட்சையே எழுதலையேம்மா," என்றார்.

குணவதி சான்றிதழை நீட்டினாள். அவர் முன்புறம் படித்தார், பின்புறமும் படித்தார், அங்கே ஒன்றும் இல்லாதது அவருக்குத் திருப்தியளித்தது.

"இதுல நில்னுதானே இருக்கு?"

"அந்த நில் நான்தான் ஐயா."

"நில்லுன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். ஒண்ணுமில்லாததுக்கு எப்படிம்மா வேலை கொடுக்கறது?"

"ஒண்ணுமில்லாததுக்குச் சான்றிதழ் மட்டும் கொடுத்திருக்கீங்களே ஐயா."

"அது சீமையில கொடுத்தது. அவங்க எதுக்கு வேணும்னாலும் கொடுப்பாங்க."

சிதம்பரநாதன் பொறுமையிழந்தார். "ஐயா, நான் பெத்தவன். எதிர்ல நிக்கிற பிள்ளையைப் பார்த்தா உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது அண்ணே. எனக்குத் தெரியுது. கோப்புக்குத் தெரியணுமே."

ஆயினும் அதிகாரி கொடியவர் அல்லர். பெயர்த் திருத்தத்திற்கு விண்ணப்பிக்க வழியிருக்கிறது என்று சொன்னார். விண்ணப்பிப்பவர் சான்றிதழில் உள்ள பெயரிலேயே கையெழுத்திட வேண்டும். குணவதி அவ்வாறே இட்டாள். அதிகாரி பதிவேட்டைத் திறந்து, 'விண்ணப்பதாரர்' என்ற கட்டத்தில் 'நில்' என்று எழுதினார். எழுதியதைத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்தார். விண்ணப்பதாரர் இல்லாத விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று வருத்தத்துடன் கூறிக் கோப்பைக் கட்டிவைத்தார். குணவதி படிகளில் இறங்கும்வரை அழவில்லை. இறங்கிய பின் அழுதாளா என்பதைச் சிதம்பரநாதன் எவரிடமும் சொல்லவில்லை.

சுங்கை பாக்காப்புப் பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. இலாகா நெடிது ஆராய்ந்தது. தேறியவருக்கே வேலை என்பது விதி. தேறியவரோ எவரும் இல்லை. எஞ்சியவருள் மெய்யாகவே இருப்பவர் என்று எழுத்து வடிவில் நிறுவப்பட்டவர் ஒருவரே. ஆகவே, "இருப்பவருள் முதன்மையானவர்" என்ற காரணத்தால் குமாரி பிலோமினா ஆசிரியையாக நியமிக்கப்பட்டாள்.

நியமனக் கடிதம் கிடைத்த மாலையே பிலோமினா ஜெலுத்தோங்குக்கு ஓடிவந்தாள். வாழ்த்த வேண்டியவர் எவர், ஆறுதல் சொல்ல வேண்டியவர் எவர் என்று விளங்காமல் சிதம்பரநாதன் இருவருக்கும் காப்பி வரவழைத்தார்.

"குணா, நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன்? அரையும் காலும் சேர்ந்தா எத்தனைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"முக்கால்."

"பார்த்தியா? நீயும் வா. நீ வரலேன்னா நான் போகமாட்டேன்."

குணவதிக்கு அது சன்மானமா அவமானமா என்று தெரியவில்லை. சிதம்பரநாதன்தான் கணக்கைத் தீர்த்துவைத்தார். "பாஸ் பண்ணின பிள்ளைக்கு வேலை இல்ல. ஃபெயிலான பிள்ளைக்கு வேலை இருக்கு. வேலையைச் செய்யறதுக்கு மட்டும் பாஸ் பண்ணின பிள்ளை வேணும். போய்ட்டு வா தாயி. அரசாங்கம் இப்படித்தான் ஓடுது போல." அத்தை அழைப்புக்குக் காத்திராமல் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெயரே இல்லாத பெண்ணுக்கு எந்தப் பெயர் வைத்துப் பொருத்தம் பார்ப்பது?

தோழியர் இருவரும் படகேறிப் பட்டர்வொர்த்துக்குச் சென்று, அங்கிருந்து பேருந்தில் சுங்கை பாக்காப்பை அடைந்தனர். பள்ளிப் பதிவேட்டில் 'உதவியாளர்' என்றொரு கட்டம் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விடலாகாது. பிலோமினா தன் அழகிய கையெழுத்தில் 'நில்' என்று எழுதினாள். வாழ்நாளில் அவள் எழுதிய முதல் பிழையற்ற விடை அது.

குணவதி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் நாற்பத்து மூவர் மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டினர், வாய்ப்பாடு ஒப்பித்தனர், பின்னக்கணக்கை மாங்காய் அரிவதுபோல் அரிந்துவைத்தனர். கூடவே பிலோமினாவும் கடைசிப் பலகையில் அமர்ந்து கற்றுக்கொண்டாள்.

நான்காம் மாதம் இலாகாவிலிருந்து பள்ளி ஆய்வாளர் வந்தார். சிறுமியரைக் கேள்வி கேட்டார். விடைகள் அவர் கேட்டு முடிக்குமுன் வந்தன. வியந்துபோய்ப் பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்களுக்கு உதவியாக யாரும் இல்லையா?"

"நில் இருக்கிறாள் ஐயா," என்றாள் பிலோமினா, சாக்குத்தூள் படிந்த சேலையுடன் பலகையருகே நின்ற குணவதியைச் சுட்டி.

பதிவேட்டிலும் நில், ஆசிரியை வாயிலும் நில். வாய்மொழியும் எழுத்தும் இத்தனை ஒத்திருந்ததை ஆய்வாளர் எப்பள்ளியிலும் கண்டதில்லை. பலகையருகே நின்றவளுக்குப் பதிவேட்டில் இடமில்லை. இடமில்லாத ஒன்றைப் பார்ப்பது அவர் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. இளநீர் கொடுத்ததற்கு மட்டும் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அவருடைய அறிக்கை இலாகாவை உலுக்கியது. தேர்வில் தவறிய ஒருவர், எவ்வித உதவியுமின்றி, நாற்பத்து மூவருக்கு இத்துணைச் சிறப்பாகக் கற்பிக்கிறார். தேறியவர்கள் கற்பிக்கும் பள்ளிகளில் இவ்வளவு சிறப்பைக் காணோம். ஆதலின், தேர்ச்சியே கற்பித்தலுக்கு இடையூறு என்பது வெள்ளிடைமலை. அடுத்த ஆண்டு முதல் ஆசிரியைப் பணிகள் அனைத்தும் சீனியர் தேர்வில் தவறியோருக்கு மட்டுமே என்று ஆணை பிறந்தது. இக்கண்டுபிடிப்புக்கு மூலகாரணமான ஆண்டறிக்கையை எழுதிய சந்திரசேகரனார் மேலிலாகாவுக்கு உயர்த்தப்பட்டார். புறப்படுமுன் அவர் ஒரு நற்காரியமும் செய்தார்: பாரத்தில் 'முழுப்பெயர்' என்று புதிய கட்டம் ஒன்றை வரைந்து சேர்த்தார்.

ஆணை வெளியானதும் ஜார்ஜ் டவுன் பெற்றோர் வரவேற்றனர், பத்திரிகைகள் பாராட்டின. தம் மகள் தவறுவாளா மாட்டாளா என்ற கவலையால் தாய்மார் உறக்கமிழந்தனர். மாலை நேரங்களில், தவறுவதற்குத் தனிவகுப்புகள் நடந்தன. நாகரிகக் குடும்பங்கள் அவற்றுக்கு இரண்டு வாத்தியார்களை அமர்த்தின. முன்னோட்டத் தேர்வில் அறியாமல் சரியான விடை எழுதிவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணைத் தேற்ற முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வாண்டுச் சீனியர் மாணவியர் ஒன்பதின்மரும் படகேறிச் சுங்கை பாக்காப்புக்கே வந்துவிட்டனர். அவர்களுக்கு முன்னே நின்றவள் லெட்சுமியின் தங்கை.

"அக்கா, எதை எழுதினா நிச்சயமா ஃபெயிலாவோம்? கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

குணவதிக்கு முதலில் துரத்திவிடலாம் என்று தோன்றியது. பிறகு, ஒன்பது பேர் தாமாகவே வந்து பாடம் கேட்கும் நாள் இனி வாய்க்காது என்றும் தோன்றியது.

"சரியான விடை தெரியாதவ தப்பா எழுதப் போனா, தவறிப்போய்ச் சரியா எழுதிடுவா," என்றாள். "தப்புத் தப்பில்லாம வரணும்னா, முதல்ல எல்லாப் பாடமும் சுத்தமாத் தெரியணும். உட்காருங்க."

ஒன்பதின்மரும் அமர்ந்தனர். ஞாயிறுதோறும் வந்தனர். இலக்கணமும் கணக்கும் பூகோளமும் வரி விடாமல் கற்றனர். அவர்களைப்போல் முழுமையாகப் படித்த சீனியர் வகுப்பு அப்பள்ளியில் அதற்கு முன் இருந்ததில்லை. தேர்வு மண்டபத்தில் ஒவ்வொரு விடையையும் நன்கறிந்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இன்றித் தவறாக எழுதிவிட்டு வந்தனர்.

பங்குனியில் ஆண்டறிக்கை பத்திரிகையில் அச்சாயிற்று. குணவதி வழக்கம்போல், பிழை கண்டால் திருத்துவதற்குச் சிவப்பு மையைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தாள். தேர்ச்சி பெறாதோர் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது மாணவியரின் சொந்தப் பெயர்களும் ஓர் எழுத்துப் பிழையுமின்றி வரிசையாக இருந்தன. அதற்கு மேலே ஒரு வரி:

"தேர்ச்சி பெற்றோர்: நில்."

இரண்டு முறை படித்தாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.