தரம் குறையாமல் இரண்டு நிமிடம்

"தரம் போனா போகட்டுங்க. என் மானம் போகக்கூடாது. அந்த ரெண்டு நிமிஷத்தை வெட்டி எறிங்க!" என்றாள் மனைவி.

கணவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "வெட்டுறதுன்னா என்ன, கீரை நறுக்குறதா? கேமரா ஃபைலை எடிட்டிங் சாஃப்ட்வேர் அப்படியே எடுத்துக்காது. முதல்ல வேற ஃபார்மேட்டுக்கு மாத்தணும். மாத்தினா தரம் போயிடும். உனக்குச் சொன்னாப் புரியாது."

அலுவலகத்தில் அவருக்கு 'நிபுணர்' என்று பட்டப்பெயர். அச்சு இயந்திரத்தில் சிக்கிய காகிதத்தை எடுக்கப் போய், இயந்திரத்தையே வெளியே எடுக்க வைத்த பிறகு கிடைத்த பெயர். அவர் அதைப் பாராட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய அப்பா பணி ஓய்வு பெற்றதற்கு வீட்டில் விருந்து வைத்தார்கள். நிபுணர் புது கேம்கார்டரைச் சமையலறை அலமாரியின் மேல் ஓடவிட்டு, ஐஸ் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். அது ஓடுவது தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால் மனைவி தன் மாமியாராக மாறினாள். இடுப்பில் ஒரு கை, மூக்கு கூரையைப் பார்க்க. கரண்டியை மோந்துவிட்டு, "உப்பு இருக்கு. ஆனா இருக்கவேண்டிய இடத்துல இல்ல" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் ஒரு பாத்திரம் உருண்டது.

இப்போது மாமியார் தினமும் ஃபோன் செய்கிறார். "விருந்துப் படத்தை எப்போடா காட்டப்போற?" கடைசியில் அவரே நாளும் குறித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம்.

நிபுணர் களத்தில் இறங்கினார். முதலில், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள். அது மாற்றித் தந்த படத்தில் யாராவது கையை அசைத்தால் கை சீப்புப் பல்லாகப் பிளந்தது. மாமியார் கதவகலத்துக்குப் பரவிக் கிடந்தார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "யாரு என்னன்னே தெரியலையே! இப்படியே காட்டிடலாங்க."

"இதையா? என் பேரைப் போட்டா?"

"உங்க பேரு எங்கேங்க வருது?"

"கடைசியில வரும். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, எல்லாத்துலயும்."

அடுத்து, கண்ணில் பட்ட அளவுகளையெல்லாம் உச்சத்தில் வைத்தார். கோப்பு ஊதிப் பெருத்துக் கணினியையே அடைத்துக்கொண்டது. இடம் வேண்டி மனைவியின் கல்லூரிக் காலப் புகைப்படங்களை அழித்தார்.

"என்னைக் கேட்காம எப்படிங்க அழிச்சீங்க?"

"விடு. அதெல்லாம் சுமாரான தரம்தான்" என்று ஆறுதல் சொன்னார்.

படம் பளிங்காக வந்தது. ஒலிதான் பின்தங்கிவிட்டது. நிபுணர் படத்தில் இரண்டு நிமிடத்தை வெட்டினார். பின்தங்கிய ஒலி வெட்டுக்கு அந்தப் பக்கம் தப்பி ஓடிவிட்டது. அடுத்த காட்சியில் மாமியார் வாயைத் திறந்தார். மருமகளின் குரல் வந்தது: "உப்பு இருக்கு. ஆனா இருக்கவேண்டிய இடத்துல இல்ல." உதட்டசைவுக்கு அது அப்படியே பொருந்தியது.

மனைவி நாற்காலியில் சரிந்தாள். "ஐயோ, இதுக்கு வெட்டாமலே இருந்திருக்கலாமே!"

"அதை விடு. அம்மா கம்மல்ல வெளிச்சம் எப்படி அடிக்குது பாரு!"

சனிக்கிழமை, இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்ததைப் படித்தார். கோப்பின் உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல், அதன் மேலுறையை மட்டும் மாற்றினால் போதுமாம். மாற்றினார். மயிரிழைகூடத் தரம் குறையவில்லை. மனைவியின் மூக்கு விடைப்பதும், பக்கத்து வீட்டுக்காரியின் கடைவாய்ப் பல்லும் துல்லியமாகத் தெரிந்தன.

நிபுணருக்குக் கண் கலங்கியது. "இதைப் போய் வெட்டச் சொல்றியே. மொத்தப் படத்துலயும் முகத்துல வெளிச்சம் சரியா விழுந்த இடம் இது ஒண்ணுதான்."

"வெட்டுறீங்களா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போகட்டுமா?"

நிபுணர் யோசித்தார். யோசித்த நேரத்துக்கும் சேர்த்து அவள் முறைத்தாள். வெட்டினார். கேமராவில் இருந்த மூலத்தையும் பக்கத்தில் நின்று அழிக்கவைத்த பிறகுதான் அவள் நகர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமனார் ஓரமாகச் சோபாவில். சமையலறைக் காட்சி வந்தது. வெட்டிய இடம் தெரியாமல் நழுவிப் போனது. மனைவிக்கு மூச்சு வந்தது. மாமியாரின் முகம் மட்டும் ஏனோ வாடிக்கொண்டே போனது. கடைசியில் நிபுணரின் பெயர் வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் மாமியார்.

"தரம் எப்படிம்மா இருக்கு?"

மாமியார் உதட்டைப் பிதுக்கினார். மாமனார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ அத்தை மாதிரி நடிச்சுக் காட்டினது எங்கே போச்சு? அன்னிக்கு இவன் ஐஸ் வாங்கப் போனப்ப நான்தான் கேமரா வயரை ஹால் டிவியில சொருகிவிட்டேன், வந்தவங்க அத்தனை பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அதை இன்னொரு தடவை பார்க்கணும்னுதானே உங்க அத்தை இத்தனை நாளா எங்க உயிரை எடுத்தா!"