‘கிண்டல்’ அட்டையைக் கிழிக்க மாட்டேன்

மதிப்பிற்குரிய முதன்மைப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு, வீட்டுக்கு வந்தால் மச்சான் அவர்களுக்கு, அகராதி அலுவலகத்தில் ‘கி’ வரிசையைப் பதினோரு வருடமாகக் கவனித்துவரும் உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறோம், ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

‘கிண்டல்’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய அட்டையைக் கிழித்துப் போட்டு மன்னிப்பு எழுதித் தராவிட்டால், பெ., வி. என்று நாளெல்லாம் புள்ளி வைக்கும் சுருக்கக் குறியீட்டுப் பிரிவுக்கு என்னைத் தள்ளிவிடுவதாகச் சொன்னீர்கள். தள்ளுங்கள். மன்னிப்பும் கிடையாது, கிழிக்கவும் மாட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனை செய்யக் கூடாது, யாராவது வாய்விட்டுச் சொன்னதாக இருக்க வேண்டும், யார் சொன்னது, எங்கே, யாரைப் பற்றி என்று அட்டையின் பின்பக்கம் குறிக்க வேண்டும், இதெல்லாம் யார் போட்ட விதி? நீங்கள் போட்ட விதி. அதன்படிதான் எழுதினேன். ‘இவரு கிண்டல் பண்ண ஆரம்பிச்சா வந்தவங்க தண்ணிகூடக் குடிக்காம கிளம்பிடறாங்க.’ சொன்னவர், என் மனைவி. இடம், எங்கள் சமையலறை. யாரைப் பற்றி, முதன்மைப் பதிப்பாசிரியர். அன்று குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள், அங்கே வந்திருந்த மாடிவீட்டுத் தம்பதியிடம் அவர்கள் வாங்கிய சோபாவைப் பற்றி ஏதோ சொன்னீர்கள், சும்மா இருக்கக் கூடாதே என்று நானும் அந்த அம்மாளின் பாட்டு வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், அவர்கள் எழுந்து போனார்கள், உங்கள் தங்கை உங்கள் மனைவியிடம் இப்படிச் சொன்னதைக் கதவோரம் நின்று என் காதால் கேட்டேன். எழுத்தர் அம்மா கூட்டத்தில் பின்பக்கத்தையும் சேர்த்து வாசிப்பார் என்று நான் கண்டேனா? மெய்ப்பு பார்ப்பவர் நாற்காலியோடு விழுந்து சிரித்ததற்கும் நான்தான் பொறுப்பா?

சரி, சொல்லுக்கு வருவோம். என் விளக்கத்தை அடித்துவிட்டு, ‘பிறர் மனம் நோகாத நகைச்சுவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், மனம் நோகாமல் கிண்டலா? கிண்டு என்றால் கிளறு, தோண்டு. பாத்திரத்தின் அடியில் பிடித்ததைக் கரண்டி விட்டு மேலே கொண்டுவருகிறோமே, அந்த வேலையிலிருந்து பிறந்த சொல் இது. நீங்கள் தந்த எடுத்துக்காட்டோ, ‘நண்பர்கள் கிண்டல் செய்து மகிழ்ந்தனர்.’ எந்த வாயாவது இப்படிப் பேசியிருக்கிறதா? உங்களுக்கு வலித்தது எனக்குப் புரிகிறது, உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் வலித்தவர் சொல்கிறார் என்று பொருளை மாற்ற ஆரம்பித்தால், நாளைக்குக் ‘கஞ்சன்’ என்ற சொல்லுக்குச் ‘சிக்கனத்தில் சிறந்தவர்’ என்றுதான் அச்சாகும். தன்னைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகத் தெரியாதவருக்கு அகராதி வேலை எதுக்குங்கறேன்? என்னைப் பத்தி யாராவது இப்படிச் சொல்லட்டும், சிவப்பு மையில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுகிறேனா இல்லையா பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்குச் சீக்கிரமே சிரிப்பு வரட்டும்.

இப்படிக்கு,
பணியாத மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “எங்க அண்ணனை நான் என்னிக்குங்க ‘இவரு’ன்னு சொல்லியிருக்கேன்? நான் சொன்னது உங்களை. அண்ணன் சோபாவைச் சொன்னப்ப அவங்க சிரிச்சாங்க. நீங்க பாட்டு வகுப்பைச் சொன்னப்பறம்தான் எழுந்தாங்க.” அப்படியானால் அந்த அட்டையே வேண்டாம் என்றேன். “அதெப்படி? விதி விதிதானே? பின்பக்கம் உங்க பேரைப் போட்டு வைக்கச் சொல்லி இந்தக் கடுதாசியை நானே அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறேன்” என்று உறை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். அந்த இடைவெளியில் அவசரமாக எழுதுகிறேன். மச்சான், யோசித்துப் பார்த்தால் ‘பிறர் மனம் நோகாத நகைச்சுவை’ என்பதும் நல்ல விளக்கம்தான். உங்கள் மேசையில் இருக்கும் அட்டையைக் கிழித்துவிடுங்கள். நீங்களாகக் கிழித்ததாகவே இருக்கட்டும்.