டம்ளருக்குள் ஒரு கணவர்

நேரலை தொடங்கிப் பாதி நேரம் ஓடிவிட்டது. ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்ற வரியோடு தொலைபேசி எண் திரையின் அடியில் ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒருவரும் பேசவில்லை.

வரும் அழைப்புகளை வாங்கி அரங்குக்குள் அனுப்புவது அவள் வேலை. அவள் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது.

“இன்னிக்கும் போன் வரலைன்னா நிகழ்ச்சியை நிறுத்திடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு,” என்றார் தயாரிப்பாளர். “அப்புறம் நாம எல்லாரும் வீட்டுல உக்காந்து மனம்விட்டுப் பேச வேண்டியதுதான்.”

“டிரைவர் எங்க சார்?”

“சாமான் வாங்கப் போனவரு இன்னும் வரல.”

போன் வராத நாட்களில் டிரைவர்தான் நேயர். வாயருகே எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசுவார். வாரத்துக்கு ஒரு குரல், ஒரு கவலை.

“நீயே பேசிடும்மா. போனை நான் பாத்துக்கறேன்.”

அவள் ஒப்பனை அறைக்கு ஓடினாள். எதிரொலிக்காமலிருக்க அங்கிருந்த டிவியின் சத்தத்தை அடைத்தாள். தன் செல்போனில் நிகழ்ச்சியின் எண்ணை அழைத்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் படிக்க மாட்டேன் என்கிறான் என்று சொல்வதாக ஏற்பாடு.

“சொல்லுங்கம்மா, மனசுல என்ன வருத்தம்?” என்றார் அரங்கில் நேயர்களுக்கு யோசனை சொல்லும் ஆலோசகர்.

அவளை யாரும் அப்படிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அந்தக் கனிவில் தடுமாறிப் போனாள்.

“என் வீட்டுக்காரர் என்கிட்ட பேசறதே இல்லைங்க. எதைக் கேட்டாலும் ‘ம்’. வீடு தீப்பிடிச்சிருக்குன்னு சொன்னாலும் ‘ம்’தான் வரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் படிக்காத பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை இப்படியே விடக்கூடாது. உங்க கணவரும் நம்ம நம்பருக்குப் பேசட்டும். ஒரு சின்ன இடைவேளை. அவருக்காகக் காத்திருக்கோம்.”

தயாரிப்பாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “ஏம்மா, இப்ப புருஷனுக்கு எங்க போறது?”

அவள் டிரைவருக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினாள்: ‘புருஷன் வேஷம். உடனே போன் பண்ணுங்க.’

விளம்பரம் முடிந்ததும் கரகரவென்று ஒரு குரல் இணைப்பில் வந்தது. “நான்தான் அவ வீட்டுக்காரர்.”

அப்பாடா, டம்ளர் குரல்.

“ஏன் சார் பேசறதில்ல?”

“எங்கங்க இடம் கிடைக்குது? வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே ஆரம்பிச்சிடுவா. ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்னு கேப்பா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே ஒண்ணைச் சொல்லி, ‘உங்களுக்கு எதுலயும் அக்கறை இல்ல’ன்னு முடிச்சிடுவா. எனக்கு மிஞ்சறது ‘ம்’ மட்டும்தான்.”

ஊமையாக ஓடிய டிவியில் படமே குலுங்கியது. கேமராமேன் சிரிக்கிறார் போலிருக்கிறது.

அவளுக்குச் சுருக்கென்றது. வண்டியில் வரும்போதெல்லாம் டிரைவரிடம் வீட்டுக்கதை பேசியது தப்பாகப் போயிற்று. அதற்காக இப்படியா ஊரறியப் போட்டு உடைப்பது?

“சும்மா சொல்றாருங்க! சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? பதில் சொன்னாரா?” கைக்குட்டை மடியில் விழுந்து கிடந்தது.

“சொல்லல. சரி பண்ணிட்டேன். அவ பேச்சு சத்தத்துல, ஒழுகறது நின்னதே அவளுக்குக் கேக்கல.”

நன்றாகத்தான் சமாளிக்கிறார் என்று நினைத்தாள். குழாய் இன்னும் ஒழுகுகிறதா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

“இன்னிக்கு அவ வந்ததும் நான் பேசணும்னு இருக்கேன்,” என்றது குரல், கொஞ்சம் தணிந்து. “அஞ்சு நிமிஷம் குறுக்கே வராம இருக்கச் சொல்லுங்க. அது போதும்.”

“கேப்பீங்களாம்மா?”

நடிப்புக்குப் பதில் சொல்கிறோம் என்பதை மறந்து, “ம்,” என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள மனைவிகளும் கணவர்களும் வரிசையில் காத்திருந்தார்கள். தயாரிப்பாளர் முகமெல்லாம் பல்.

“பிழைச்சோம்மா! மேனேஜரே பாராட்டிட்டாரு. என்னமா நடிச்சான் அந்த மனுஷன்!”

கதவு திறந்தது. கையெல்லாம் மசியோடு, டம்ளரைத் துடைத்தபடி டிரைவர் மூச்சு வாங்க நின்றார்.

“மன்னிச்சிக்கோங்கக்கா, வண்டி பஞ்சர். உங்க மெசேஜை இப்பத்தான் பாத்தேன். யாருக்குப் புருஷனா பேசணும்?”