சிஞ்ஞோரா வீட்டுப் போறணையும் உன்ரை ஒட்சிசனும்

அன்புள்ள மருமகள் சயந்தினி அறிவது,

பலெர்மோவிலிருந்து மாமா அருளம்பலம் எழுதுகிறேன். மாமியும் நானும் நலமே. உன் உடல்நலத்துக்கும் இரசாயன ஆராய்ச்சிக்கும் நல்லூர்க் கந்தனையும் சந்தா ரொசாலியாவையும் வேண்டுகிறோம். ஆனால் பிள்ளை, அந்த ஆராய்ச்சிச் சாமானாலை என்ரை வேலை போகப்போகுது. போனிலை கதைச்சால் மாமி இடையிலை பூந்து கத்துவா, அதுதான் கடுதாசி.

பொலிதேயாமாப் பக்கம் நான் புதுசா வீட்டுவேலைக்குச் சேர்ந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா, "போறணையைத் துடைச்சுவிடு" எண்டிட்டு வெளியிலை போனவ. அந்த மின்சார அடுப்புப் பெட்டியைத் திறந்து பாத்தால் உள்சுவர் முழுக்கக் கறுப்பு, கையிலை சொரசொரக்குது. கருகின ஊத்தை எண்டு நினைச்சு, கம்பித் தும்பாலை முழங்கை கழண்டுபோக உரஞ்சி, முகம் பாக்கலாம் போல ஆக்கி வைச்சன். அவவும் வந்து "பிராவோ" எண்டவ. ஞாயிறு மீன் வைச்சாவாம், எண்ணெய் தெறிச்சுக் கருகி, புகை படிக்கட்டாலை இறங்கி, கீழ்வீட்டுக்காரர் தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டு, ஐயோ, ஊர் முழுக்கக் கூடிட்டுது. பகேரியாவிலை இருந்து திருத்த வந்த லொரென்சோ தலையை உள்ளுக்கு விட்டிட்டுக் கேக்கிறான், "இந்த ஒட்சைட்டுப் பூச்சை எந்த விசரன் உரஞ்சினது?"

போன கோடையிலை நீ வந்து நிக்கேக்கை, உலோக ஒட்சைட்டு தன்ரை ஒட்சிசனைக் குடுத்து எண்ணெயை எரிக்கும், பிறகு காத்திலை இருந்து எடுத்துத் தன்னை நிரப்பிக்கொள்ளும், தான் தேயாது எண்டு சாப்பிடவும் விடாமல் கதைச்சாயே. நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். அது போறணைக்குள்ளை கறுப்பாக் குந்திக்கொண்டிருக்கும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னியா? தேயாதாம்! நான் தேய்ச்சிட்டன்!

சிஞ்ஞோரா இப்ப முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறா. அவ வேலை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சால்தான் இஞ்சை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெசோ விசாவைப் புதுப்பிக்கலாம். வைக்காட்டி நாங்கள் மூட்டை கட்டவேண்டியதுதான். எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை. உடனை அந்தப் பூச்சிலை ஒரு போத்தல் அனுப்பு, நான் தூரிகையாலை அடிச்சு விடுறன்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, கண்ணாடிக் குழாயளோடை மல்லுக்கட்டாமல், சகல சௌபாக்கியங்களோடும் வாழ ஆசீர்வதிக்கும்,
உன் மாமா
அருளம்பலம்

பி.கு.: ஒண்டும் அனுப்பாதை. இப்பதான் சிஞ்ஞோரா கூப்பிட்டுக் கையெழுத்து வைச்சுத் தந்தவ. புதுப் போறணையும் வந்திட்டுது, உள்ளுக்கு வழவழப்பு, ஒரு பூச்சும் இல்லை. "பூச்சுகீச்சு ஒண்டும் வேண்டாம், இனி உன்ரை கையைத்தான் நம்புவன், கிழமைக்கு ஒருக்கா உரஞ்சு" எண்டிட்டா. அதிலை ஒரு பொத்தான் இருக்கு. அமத்தினால் கடும் சூட்டிலை தன்ரை ஊத்தையைத் தானே சாம்பலாக்குமாம். லொரென்சோ எனக்கு அதைக் காட்டேக்கை சிஞ்ஞோரா குசினியிலை இல்லை. இந்தக் கோடையிலை நீ வந்தால், தயவுசெய்து அவவோடை மட்டும் கதைச்சுப்போடாதை.