விமானத்துக்குப் பொட்டு வைத்தவன்

ஒரு பொருளைப் பற்றி ஓயாமல் பேசுகிறவன் கையில் அந்தப் பொருளைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். காலடிப்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்கு, ஒரு கன்டெய்னர் லாரி கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலாளியின் கார் டிரைவரான என் தாய்மாமா கெஞ்சி வாங்கிக்கொடுத்த வேலை. முதலாளி எட்டுப் பேர் உட்காரும் பழைய ஜெட் விமானம் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். அதன் காகிதங்களை ஜெராக்ஸ் எடுப்பது என் பொறுப்பு. ஆனால் டீக்கடையில் என் பேச்சைக் கேட்டால் அதைச் செய்தவனே நான்தான்.

"மொதல்ல வந்த மாடலு ரொம்ப தூரம் போவாது நைனா. அடுத்ததுல இன்ஜின் பவர ஏத்துனான். அப்பால ரெக்க நுனிய மேல மடிச்சு வுட்டான், எண்ணெ கம்மியா குடிக்கும். எங்க மொதலாளி அல்லாத்தையும் பழசுலயே போட்டுக்கினாரு. முள்ளு ஆடுற மீட்டரே கெடையாது, அல்லாம் டிவி கணக்கா ஸ்கிரீனு!" (அதுவரை விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததுகூட இல்லை.)

விமானம் மீனம்பாக்கம் வந்ததும் பூஜை. முடிந்த கையோடு முதலாளி அதில் பம்பாய் போய் ஒரு பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஷெட்டில் புது லாரி வந்தால் ஹெட்லைட், கண்ணாடி, ஸ்டியரிங் என ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்போம்.

"இவனுக்கு பிளேன் பத்தி அல்லாம் தெரியும் சார், இவனே வெக்கட்டும்" என்று மாமா பெருமையோடு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

கதவில் வைத்தேன். மூக்கில் வைத்தேன். மூக்குக்குப் பக்கவாட்டில் குட்டிக் குட்டி ஓட்டைகள் தெரிந்தன. பொட்டுக்கென்றே விட்ட இடம் என்று நினைத்து, ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தேன்.

கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்த பைலட் அங்கே வந்து நின்றுவிட்டார்.

"யார் இதை அடைச்சது?"

அந்த ஓட்டைகளில் படும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று ஸ்கிரீனுக்கே தெரியுமாம். சுத்தம் செய்து சோதிக்காமல் கிளப்ப முடியாது, இன்றைக்கு நடக்காது என்றார்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. மாமாவைப் பார்த்தார். தலை நரைத்த மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி, "தெரியாம பண்ட்டான் சார், சின்னப் பையன்" என்றார். சின்னப் பையனுக்கு மீசை முளைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அந்தக் கூப்பிய கைகளை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முதலாளி சாதாரண விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றார். என் வேலை போனது. மாமாவின் வேலை தப்பியது. ஆனால் என்னோடு பேசுவதை அவர் அடியோடு நிறுத்திவிட்டார். அம்மா தூது போயும் பலிக்கவில்லை.

மறு வருஷம் எனக்குக் கல்யாணம். மாமா வந்தார், முறைக்கு மாலை போட்டார், வாயைத் திறக்கவில்லை. தாலி கட்டி முடித்து, மனைவியின் நெற்றியில் குங்குமம் வைக்கக் கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"டேய், பாத்து வைடா! மூக்கு ஓட்டைய அடைச்சுடாத, பொண்ணு மூச்சு வுடணும்!"

மண்டபமே சிரித்தது. மணப்பெண் திருதிருவென்று விழித்தாள். எனக்கு மானம் போனது, கூடவே அழுகையும் வந்தது. மாமா பேசிவிட்டார். இப்போதும் எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும், பூஜை முடிகிறவரை என்னை ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.