டெவல் அண்ணன் கழட்டாத மாலை

கண்டி டவுனில் குடித்துக் கெட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கெட்டுப்போன தன் ஈரலைப் படம் பிடித்து, அதைக் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் டெவல் அண்ணன்தான். இன்னொருத்தர் பிறக்கப்போவதில்லை, எழுதியே கொடுக்கிறேன்.

நானும் அவரும் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக்கடையில் வேலை பார்த்தோம். எதையாவது எண்ணெயில் பொரித்து, மிளகாயும் வெங்காயமும் சோஸும் போட்டுப் பிரட்டினால் எங்கள் ஊரில் அதற்கு டெவல் என்று பேர். கோழி, பன்றி, மாட்டு ஈரல் எதுவானாலும் டெவலாகத்தான் அண்ணன் வாயில் இறங்கும். கூடவே சாராயமும் இறங்கும். வெறும் தண்ணீருக்கும் தொட்டுக்கொள்ள பைட்ஸ் கேட்கிற ஆள் அவர்.

பௌர்ணமிப் போயா அன்றைக்கு நாடு முழுக்க பார் பூட்டு. அதனால் முதல் நாளே மறுநாளுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார். வீட்டுக்குப் போனதும் கவலை பிடித்துக்கொள்ளும்.

"நாளை வரைக்கும் வச்சிருந்தா யாராச்சும் எடுத்துட்டா என்னடா பண்றது, தம்பி?"

எல்லாம் அன்றைக்கே காலி. போயா அன்று சத்தியமாக ஒரு சொட்டுத் தொடமாட்டார். எழும்பினால்தானே தொடுவதற்கு!

வயிற்றின் வலப்பக்கம் கனக்கிறது என்று ஒருநாள் சொன்னார். இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்கட ஈரல் முழுக்கக் கொழுப்பு. இப்பவே குடியையும் பொரியலையும் நிப்பாட்டினால் திரும்பச் சரிவரும். இல்லையெண்டால் இறுகிச் சுருங்கிப் போயிடும். பிறகு என்னாலயும் ஒண்டும் செய்யேலாது."

"காலையில கொலகெந்த குடிக்கிறேனே, டொக்டர்! அந்த இலைக்கஞ்சி ராத்திரி ஏத்துனதெல்லாத்தையும் எறக்கிருமே!"

"கஞ்சியென்ன துடைப்பமோ, கூட்டித் தள்ள?"

அண்ணனுக்கு அந்தப் படம் கையில் வந்ததே பெரிய சந்தோசம். பஸ்ஸில் விரித்துப் பிடித்து, "இங்க பாருங்க, இந்த வெள்ளையா தெரியிறதெல்லாம் நானே சம்பாதிச்சது" என்பார். ஆனால் அண்ணி மட்டும் கடைக்கு வந்து என்னிடம் அழுதார்.

"புள்ளையா குட்டியா, ஒண்ணும் இல்ல, தம்பி. இந்த மனுசனும் போயிட்டா நான் யாரோட சண்ட போடுறது?"

தலையிலடித்துச் சத்தியம் பண்ணினார் அண்ணன். அந்தச் சத்தியம் அடுத்த சம்பளம் வரை கூடத் தாங்கவில்லை. உலகத்தில் அவரைக் கட்டிப்போடக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கார்த்திகையில் ஐயப்பனுக்குப் போடுகிற மாலை. அது கழுத்தில் கிடக்கும்வரை குடியில்லை, கவிச்சியில்லை. 'டேய் டெவல்' என்று கூப்பிடுகிறவர்களும் 'அண்ணன்' என்கிற நானும் 'சாமி' என்போம். அண்ணியும் சாமி என்பார். ஆனால் சபரிமலை போய்வந்து மாலையைக் கழட்டினாரோ, போச்சு! கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் இறங்கியவர் வீடு வந்து சேர்வதற்குள் வழியில் எத்தனை பார் உண்டோ அத்தனையிலும் இறங்கித்தான் வருவார்.

அந்தக் கார்த்திகையிலும் மாலை போட்டார். புறப்படப் போகிற நேரம் பார்த்துப் பாஸ்போர்ட்டைக் காணோம். அலுமாரி, பெட்டி, மெத்தைக்கடி எல்லாம் தலைகீழ். கிடைக்கவில்லை. மற்றவர்கள் போய் வந்தார்கள்.

"போகாட்டி என்ன, சன்னிதியில வச்சுக் கழட்டிருங்க, சாமி" என்றார் குருசாமி.

"அதெப்படிங்க, சாமி? மலைக்குப் போகத்தானே போட்டேன்? அடுத்த வருசம் போயிட்டு வந்து கழட்டுறேன்."

குருசாமி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். டெவல் அண்ணன் அசையவில்லை.

தை போச்சு, சித்திரை போச்சு, மாலை போகவில்லை. ஊரெல்லாம் சாமியைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது. நெய்ப் பொங்கல், பாயாசம், உளுந்துவடை. வைகாசியில் டொக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"குடியை விட்டிட்டியள், நல்லது. வடையை ஆர் விடுறது?"

"அதுக்கும் ஒரு மாலை இருக்குங்களா, டொக்டர்?"

வேறு வழியில்லாமல் வடையையும் குறைத்தார். முகத்தில் வீக்கம் வடிந்தது, வலப்பக்கக் கனமும் போனது. புதுப் படத்தில் ஈரல் தெளிந்து வருகிறதென்று டொக்டர் சிரித்தார். அண்ணனுக்குத்தான் ஏமாற்றம்.

"இதுல காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையேடா!"

அடுத்த கார்த்திகை வந்தது. பாஸ்போர்ட் மறுபடி காணோம். அதற்கடுத்த வருசமும் அதே கதை.

ஒருநாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். உலைக்கு அரிசி போட டின்னைத் திறந்தார் அண்ணி. அரிசிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எட்டிப் பார்த்தது. அதற்குள் பாஸ்போர்ட். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா, அண்ணி?"

"தெரியாமயா? வீட்டையே பொரட்டிப் போட்டுத் தேடுவாரு. இந்த டின்ன மட்டும் தொடமாட்டாரு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி டின்னை மூடினார்.

"தம்பி, பாஸ்போர்ட்டக் கண்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் அண்ணன்.

"இல்லையே, சாமி" என்று சொல்லிவிட்டு, நானும் குனிந்து கட்டிலுக்கடியில் அவரோடு சேர்ந்து தேடினேன்.