வெளிச்சம் அண்ணன் தேடிய ஆளில்லாத இடம்

பாபநாசம் வட்டாரத்தில் கல்யாண மண்டபத்தைக் கொஞ்சமும் மதிக்காத ஒரே போட்டோகிராபர் வெளிச்சம் அண்ணன்தான். தாலி கட்டுவதைப் போனால் போகிறதென்று எடுப்பார். கட்டி முடித்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பந்தியில்கூட உட்கார விடாமல் எங்காவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார். "கிளம்புங்க, கிளம்புங்க, வெளிச்சம் போவுது!" காலை எட்டு மணிக்கும் இதையேதான் சொல்வார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

ஒரு ஜோடியை ரைஸ்மில்லுக்குள் நிற்கவைத்து எடுத்தார். தவிட்டுத் தூசி படிந்து இரண்டு பேர் தலையும் நரைத்துப்போனது. பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார். "அறுபதாம் கல்யாணத்துக்கும் சேத்து எடுத்தாச்சுங்க, சந்தோஷப்படுங்க" என்றார் இவர். இன்னொரு ஜோடியைக் காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் இறக்கினார். மேட்டூர்த் தண்ணீர் அன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடும் படம் இன்றும் அவர் கடை வாசலில் தொங்குகிறது. இடுப்புக்குக் கீழே மட்டும் வெட்டியிருக்கிறார். வேட்டி தண்ணீரோடு போய்விட்டதாம்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் போன ஆனியில் நானே மாட்டினேன்.

நான் டிராக்டர் ஓட்டுகிறவன். தெரியாத வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டுத் தாகத்தோடு திரும்புகிற ஆள். நாற்பத்தாறு வயதில் மாலையும் கழுத்துமாக நிற்கவே வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்விக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, இருவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. "நாம ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம். வேற எதுவும் கேக்க மாட்டேங்க" என்று சொல்லியிருந்தாள்.

வெளிச்சம் அண்ணனைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினேன். "ஆளே இல்லாத இடமா பாருங்கண்ணே."

"என்கிட்ட விடு தம்பி" என்றவர், எங்கள் இருவரையும் தன் லோடு ஆட்டோவின் பின்பக்கம் மாலையோடு நிற்கவைத்து, கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனார். டீக்கடை பெஞ்சுகள் மொத்தமும் எழுந்து நின்று பார்த்தன.

முதலில் குடமுருட்டிக் கரை. அங்கே யாருக்கோ பதினாறாம் நாள் காரியம். அழுதுகொண்டிருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட, நம்ம டிராக்டர்காரரு! கல்யாணமா? சொல்லவே இல்லயே!" என்றார். செத்துப்போனவருக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று இருந்தது.

அடுத்தது வயல்வெளி. எங்கள் பக்கம் வரப்பில் ஒரு ஆள் நின்றால் நாலு ஊருக்குத் தெரியும். போதாததற்குக் குறுவை நடவு. நான் டிராக்டர் விட்டுச் சேறடித்த வயல்தான். பெண்கள் வரிசையாக நிமிர்ந்தார்கள். நடவு நடக்கும் வயலுக்கு யாராவது வந்தால் காலடியில் கட்டிவைத்த நாற்று முடியைப் போட்டு மறித்துக் காசு கேட்பது வழக்கம். எங்களுக்கும் போட்டார்கள்.

"காசு வேணாம் மாப்ள! பொண்டாட்டி பேரச் சொல்லி, கையப் புடிச்சுத் தாண்டுங்க. வழி விடுறோம்!"

"வண்டிச் சத்தத்தையும் மீறிக் கத்துற வாயி, இப்ப எங்க போச்சு?"

காது சுட்டது. செல்வியை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "அண்ணே, மண்டபத்துக்கே போயிடலாம்" என்றேன்.

செல்வி மெதுவாகச் சொன்னாள். "விடுங்கண்ணே. ஏற்கெனவே ஒரு தாலி ஏறின கழுத்து. பக்கத்துல நிக்க அவருக்கு அவமானமாத்தான் இருக்கும்."

வயலில் சிரிப்பு நின்றுவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அத்தனை பேர் கண்ணும் என் மேல் இருந்தது.

"எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க!" என்று வெளிச்சம் அண்ணன் ஒரு சத்தம் போட்டார். "அந்தப் பச்சை சட்டை அக்கா, உங்களுக்குத் தனியா சொல்லணுமா?"

சேற்றில் நின்ற பெண்கள் கையில் நாற்றோடு அப்படியே திரும்பிக்கொண்டார்கள். அவரும் திரும்பி, கேமராவைத் தென்னந்தோப்புப் பக்கம் நீட்டிக்கொண்டார்.

"நானும் பாக்கல. சொல்ல வேண்டியதச் சொல்லு தம்பி."

முதுகுகளுக்கு நடுவில் நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

"செல்வி" என்றேன். "அவமானம் உன்னால இல்ல. நான் பொறந்ததுலேருந்தே இப்படித்தான். நீ என் பக்கத்துல நின்னா எனக்குப் பெருமை. அதச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு."

கையை நீட்டினேன். அவள் கையும் வியர்த்திருந்தது. நாற்று முடியைத் தாண்டினோம். திரும்பி நின்றபடியே பெண்கள் குலவை போட்டார்கள்.

திரும்பும் வழியில் கேட்டேன். "அண்ணே, அந்த நேரத்துல ஒண்ணாவது எடுத்தீங்களா?"

"பேட்டரி தீந்துபோச்சு தம்பி."

மண்டபத்துக்கு வந்தபின் பந்தி முடிகிறவரை, பேட்டரி மாற்றாமலே, அதே கேமராவால் எங்களை வளைத்து வளைத்து எடுத்தார். எல்லாப் படத்திலும் நான் தரையைப் பார்க்கிறேன், செல்வி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தப் பேட்டரியைப் பற்றி இன்றுவரை நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.